கால் முளைத்த நத்தைகள்

ஓய்வு பெறுகிறவர்கள்தான் இப்படி எழுதுவார்கள் என்று தெரியும். எனக்கு அந்த வயது வர இன்னும் நிறையக் காலம் இருக்கிறது. லூமுட்டில் கடல்நீர்ப் பிரிவுக்கு மாறிப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் ஈப்போவின் குனோங் ராபாட் ஆய்வகத்தில் நான் உட்கார்ந்திருந்த நுண்ணோக்கி மேசைக்கு இனி நீங்கள் வருகிறீர்கள். மேசையைப் பற்றித் தெரிய வேண்டியதையெல்லாம் பட்டியலாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். எந்த இடுக்கியின் நுனி வளைந்திருக்கிறது, எந்த விளக்கைத் தட்டினால்தான் எரியும், மேலாளரிடம் எந்த நேரத்தில் விடுப்புக் கேட்கக் கூடாது, எல்லாம் அதில் இருக்கின்றன. பட்டியலில் அடக்க முடியாத விஷயம் ஒன்று மிஞ்சியது. அதை உட்கார்ந்து சொன்னால்தான் புரியும்.

முதலில் நம் பூச்சி. கல்லூரியில் படித்திருப்பீர்கள். இருந்தாலும் என் முறையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

கேடிஸ் பூச்சிகள் அந்துப்பூச்சிகளுக்கு நெருங்கிய சொந்தம். அந்துக்குச் சிறகெல்லாம் செதில், கேடிஸுக்குச் சிறகெல்லாம் மயிர். டிரைகாப்டெரா என்ற பெயருக்கே மயிர்ச்சிறகு என்றுதான் பொருள். ஆனால் சிறகு முளைத்த பூச்சியை நாம் அதிகம் பார்ப்பதில்லை. அது விளக்கைச் சுற்றிக் கொஞ்ச காலம் பறந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டுப் போய்ச் சேர்ந்துவிடும். அதன் வாழ்க்கையின் பெரும்பகுதி ஓடைக்குள், புழுவாக. அந்தப் புழுவின் வாயருகே பட்டுநூல் சுரக்கிறது. நூலை வைத்து அது என்ன செய்கிறது என்று பார்த்து நான் மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்வேன். கல்லிடுக்கில் குடியிருந்து, வாசலில் வலை கட்டி, ஓடிவரும் நீரில் சாப்பாடு தானாக வந்து விழட்டும் என்று காத்திருப்பவை ஒன்று. எதையும் கட்டாமல் வேட்டையாடித் திரிந்து, கூட்டுப்புழுவாகும் சமயத்தில் மட்டும் அவசரமாக ஒரு கூரை போட்டுக்கொள்பவை இன்னொன்று. மூன்றாவது கூட்டம்தான் எல்லாருக்கும் பிடித்தது: வீட்டைக் கட்டி முதுகில் சுமந்துகொண்டே அலைபவை. சிலது மணலால் குழாய் செய்யும். சிலது குச்சியை அடுக்கும். இலையை இரண்டு துண்டாக வெட்டி, ரொட்டிக்கு நடுவே காயா ஜாம் தடவினாற்போல அதன் நடுவே இருந்துகொள்கிறதும் உண்டு.

ஆசை காட்டுவது அந்த வீடுதான். கொஞ்ச நாள் பழகியதும், வீட்டைப் பார்த்தே குடும்பத்தைச் சொல்லிவிடலாம் என்ற துணிச்சல் வரும். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதனால்தான் ஆபத்து.

நாம் ஏன் இவற்றைப் பொறுக்குகிறோம் என்று வெளியாட்கள் கேட்பார்கள். ஓடையின் தண்ணீரைப் புட்டியில் பிடித்துச் சோதித்தால், பிடித்த நேரத்தில் அது எப்படி இருந்தது என்பதுதான் தெரியும். புழுக்கள் அங்கேயே குடியிருப்பவை. அழுக்குத் தாங்காத குடும்பம் நிறைய இருந்தால் ஓடை நீண்ட காலமாக நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எதையும் தாங்கும் நத்தையும் சிவப்புப் புழுவும் மட்டும் பெருகிக் கிடந்தால் எங்கோ அழுக்கு இறங்குகிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மதிப்பெண். கூட்டிப் பார்த்து ஓடையைத் தரம் பிரிக்கிறோம். ஆகவே ஒரு புழுவைத் தவறான டப்பாவில் போட்டால், ஓடையின் பெயர் கெடும். சில சமயம் ஓடைக்கரையில் இருக்கிற ஆளின் பெயரும்.

அப்படித்தான் முனியாண்டி அண்ணனின் பெயர் கெட இருந்தது.

கம்பார் சாலைக்கு உள்ளே ஒரு பழைய ரப்பர்த் தோட்டம். பாதி எண்ணெய்க்கான செம்பனை ஆகிவிட்டது, மீதி வீடமைப்புப் பகுதி. நடுவில், சுண்ணாம்பு மலையடிவாரத்தில் ஒரு ஓடை. லாரி ஓட்டிக்கொண்டிருந்த முனியாண்டி அண்ணன் அந்த ஓடையோரம் குத்தகைக்கு இடம் பிடித்து, குளங்கள் வெட்டித் திலாப்பியா வளர்த்தார். அவருடைய மகனும் மருமகளும் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு அந்தக் குளங்களை நம்பி வந்து சேர்ந்திருந்தார்கள். கீழே இருக்கும் வீடமைப்புப் பகுதிக்காரர்கள், ஓடை நாறுகிறது, காரணம் மீன்குளம்தான் என்று புகார் கொடுத்தார்கள். உள்ளூர் மன்றம் நம் ஆய்வகத்திடம் வேலையைக் கொடுத்தது. குளத்துக்கு மேலே ஓடை எப்படி, கீழே எப்படி? கீழே தரம் ஒரு படி இறங்கியிருந்தால் குளங்களை மூட உத்தரவு. பேச்சு அவ்வளவுதான்.

நானும் லோகனும் போனோம். லோகன் எனக்கு முன்பே சேர்ந்தவன். கை வேகம். வாயும் வேகம். நாங்கள் வலையோடு ஓடையில் இறங்கி, காலால் கல்லைக் கிளறிக்கொண்டிருந்தபோது முனியாண்டி அண்ணன் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னம்மா, படிச்ச பிள்ளைங்க தண்ணியில ஆட்டம் போடுறீங்க?”

“புழு பிடிக்கிறோம் அண்ணே.”

“புழுவா? எங்கிட்டக் கேட்டிருந்தா தூண்டில் போடுற பையன்கிட்டச் சொல்லி ஒரு டின்னு குடுத்திருப்பேனே!” சிரித்துவிட்டு உடனே குரலைத் தாழ்த்தினார். “நல்லதா ஒரு நாலு புழு கெடைச்சாப் போதும் இல்லம்மா? என் மருமக புள்ளத்தாச்சி. இந்த நேரத்துல திருப்பி எங்கே போவாங்க?”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று நம் கையேட்டில் இல்லை. “கெடைக்கிறதை எழுதுவோம் அண்ணே,” என்றேன். கொஞ்சம் கல்நெஞ்சாகத்தான் கேட்டிருக்கும்.

குளத்துக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம், குளத்து நீர் ஓடையில் விழும் குழாய் வாயில் சின்னதாக ஓர் இடம் என்று மூன்று மாதிரிகள் எடுத்தோம். வழக்கம்போல அங்கேயே எத்தனால் ஊற்றி மூடி, ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தோம். பிரிக்கும் வேலையை லோகன் எடுத்துக்கொண்டான். சரிபார்ப்பது என் பொறுப்பு.

அறிக்கை போகவேண்டிய நாள் காலையில் லோகனின் முடிவு தயாராக இருந்தது. மேலே வலை கட்டும் கேடிஸ், குழாய் வீட்டுக் கேடிஸ் என்று நல்ல கூட்டம். கீழே அவை குறைவு, ஆனால் பட்டாணியில் பாதி அளவில் உருண்டையான குட்டி நத்தைகள் ஏராளம். தரம் ஒரு படி இறங்கியிருந்தது. மதியத்துக்குள் அனுப்பினால், மறுநாள் மன்றக் கூட்டத்தில் முடிவாகிவிடும்.

“நத்தைதான்னு நிச்சயமா?” என்று கேட்டேன்.

“வினிகர் போட்டுப் பாத்தாச்சு லா. பொங்குது. பின்ன என்ன, கல்யாணப் பத்திரிகை அடிக்கணுமா?”

இந்த வினிகர் சமாசாரத்தை நீங்களும் முதல் வாரமே கற்றுக்கொள்வீர்கள். மணலைச் சுருட்டி, அச்சு அசல் நத்தை ஓடு போலவே வீடு கட்டுகிற ஒரு கேடிஸ் குடும்பம் இருக்கிறது. பெயர் ஹெலிகோசைக்கிடே. முதன்முதலில் அதற்கு அறிவியல் பெயர் வைத்தவரே நத்தை என்று நினைத்துத்தான் வைத்தார். எத்தனாலில் போட்டால் புழு உள்ளே ஒடுங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. அதற்காக நம் ஆய்வகத்தில் யாரோ எப்போதோ கண்டுபிடித்த குறுக்குவழி: ஒரு சொட்டு வினிகர். நத்தை ஓடு சுண்ணாம்பு, அதனால் நுரைக்கும். மணல் வீடு நுரைக்காது. தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல் ஓடைகளில் இது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. நமக்கு அதில் பெருமை வேறு. வருகிற பயிற்சி மாணவர்களுக்கெல்லாம் செய்து காட்டுவோம்.

அவன் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். கணக்குகளைச் சரிபார்த்தேன், கூட்டல் சரி. லோகன் சாப்பிடப் போனான். போகிற அவசரத்தில் வினிகர்க் கிண்ணத்தை அப்படியே மேசையில் விட்டிருந்தான். அழுக்குப் பாத்திரம் மேசையில் கிடந்தால் எனக்கு வேலை ஓடாது. கழுவப் போனேன்.

கிண்ணத்தில் நுரை அடங்கியிருந்தது. சோதனைக்குப் போட்ட நத்தை அடியில் கிடந்தது. வினிகரில் அவ்வளவு நேரம் கிடந்த ஓடு இளகி, மெலிந்து, ஓட்டை விழுந்திருக்க வேண்டும். இது முழுசாக இருந்தது. வெள்ளையாக இருந்தது பழுப்பாகியிருந்தது. நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒட்டிய மணல், செங்கல் சுவர் மாதிரி.

என்ன நடந்திருக்கிறது என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அது சுண்ணாம்பு மலையிலிருந்து வரும் ஓடை. அந்தத் தண்ணீரில் கிடக்கும் கல், வேர், உதிர்ந்த இலை எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு மெல்லிய ஓடாகப் படியும். நத்தையின் மேலும் படியும், கேடிஸ் வீட்டின் மேலும் படியும். இரண்டும் வெள்ளை. வினிகர் விட்டால் இரண்டும் பொங்கும். கருங்கல் ஓடையில் உண்மை சொன்ன வினிகர், சுண்ணாம்பு ஓடையில் எல்லாவற்றையும் நத்தை என்றது. நாமோ ஈப்போவில், சுண்ணாம்பு மலையின் நிழலிலேயே உட்கார்ந்துகொண்டு இதை யோசிக்கவில்லை.

ஊசியால் வீட்டைப் பிரித்தேன். உள்ளே சுருண்டு கிடந்தது. ஆறு கால்.

இனி நான் சொல்லப்போவதுதான் உங்களுக்காக. அந்த நொடியில் எனக்குச் சந்தோஷம் வந்தது. முனியாண்டி அண்ணன் பிழைத்தார் என்று. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் பயந்தேன். கையில் இருந்தது ஒரே ஒரு புழு. அதை வைத்துக்கொண்டு மனசு மொத்த டப்பாவையும் திருத்தி எழுதிவிட்டது.

மேலாளருக்குத் தொலைபேசினேன். “மேடம், அறிக்கையை இன்னைக்கு அனுப்ப முடியாது.”

“தப்பு இருக்கா?”

“இருக்கு. நத்தைன்னு எழுதினதுல ஒண்ணு கேடிஸ்.”

“ஒண்ணா? எல்லாமேவா?”

“ஒண்ணு மட்டும்தான் பாத்தேன் மேடம். மிச்சம் தெரியாது.”

“கீழே நத்தைதான் பெருகியிருக்குன்னு மன்றத்துல நான் வாயால சொல்லிட்டேன். அவங்களும் காலையில கூட்டம் போட எல்லாரையும் கூப்பிட்டாச்சு. தெரியுமில்ல?”

“தெரியும் மேடம்.”

“சரி. நான் வாங்கிக் கட்டிக்கிறேன். நீங்க வேலையைப் பாருங்க.” எங்கள் மேலாளரைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். நான் சொல்வது இதுதான்: தெரியாது என்று சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை.

லோகன் திரும்பி வந்தான். ஆறு காலைக் காட்டினேன். குனிந்து பார்த்தவன் நிமிரவே இல்லை. பிறகு, “அடப்பாவி, வீட்டுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கானே!” என்றான். கோபம் புழுவின் மேல். அது போதும் என்று விட்டுவிட்டேன். அவன் சோம்பேறித்தனத்தால் தவறவில்லை. சோதித்துப் பார்த்துத்தான் தவறினான். இந்த வகைத் தவறை எந்தத் திட்டும் திருத்தாது.

கீழிட மாதிரியின் நத்தை டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தோம். நான் மேலிட டப்பாவையும் எடுத்து வைத்தேன்.

“அது எதுக்கு? பிரச்சனை கீழதானே?”

“மேலேயும் அதே வினிகர்தானே போட்டே?”

“அதுல நத்தை கொஞ்சம்தான் இருக்கு லா.”

“கொஞ்சமா இருந்தா சீக்கிரம் முடிஞ்சிரும்.”

முனகிக்கொண்டே செய்தான். நமக்குப் பிடித்த பக்கம் சாய்கிற தவறைக் கண்டுபிடித்தால், பிடிக்காத பக்கத்தையும் அதே ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் திருத்தவில்லை, சாய்க்கிறோம். இதைப் பட்டியலில் எழுதிப் பார்த்தேன், அறிவுரை மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன். இங்கே இருக்கட்டும்.

மாலைக்குள் முடிந்தது. கீழிட நத்தைகளில் பெரும்பாலானவை கேடிஸ். சில உண்மையான நத்தைகள். மேலிட டப்பாவிலும் கேடிஸ் இருந்தன, ஆகவே மேலிடத்தின் மதிப்பெண்ணும் ஏறியது. கீழிடம் அதைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் இரண்டும் ஒரே தரத்துக்குள் வந்தன. குளம் ஓடையைக் கெடுத்துவிட்டது என்று சொல்ல முடியாது.

மூன்றாவது மாதிரி இருந்ததே, குழாய் வாய். அதில் ஊசிக்கு வேலையே இல்லை. சிவப்புப் புழுவும் மண்புழுச் சொந்தங்களும் மட்டும். அழுக்குக்கு வேறு விளக்கம் கிடையாது.

“இதையும் எழுதணுமா?” என்றான் லோகன். “ரெண்டு எட்டு தள்ளிப் போனா ஓடை சரியாயிருது. பாவம் லா அந்த அண்ணே. புகார் குடுத்தவங்க இதை மட்டும் பிடிச்சுக்குவாங்க.”

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அதை அறிக்கையின் முதல் பக்கத்தில் போட்டேன்.

மன்றத்திலிருந்து ஓர் அம்மா நேரில் பார்க்க வந்தார். நத்தை கேடிஸ் ஆனதை அவர் நம்பவில்லை. நம்பாததும் நியாயம்தான். ஒரு வாரத்துக்குள் இரண்டு விதமாகப் பேசுகிற ஆய்வகத்தை நானும் நம்பமாட்டேன். விளக்கம் சொல்லாமல் அவரை ஓடைக்கே கூட்டிப்போனோம். கீழிடத்தில் ஒரு கல்லை எடுத்து வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு வைத்துவிட்டு, எல்லாரும் பேசாமல் நின்றோம். முனியாண்டி அண்ணனுக்குத்தான் பேசாமல் இருக்க முடியவில்லை.

“என்னம்மா, கல்லைப் பாத்துச் சாமி கும்புடவா வந்தோம்?”

“கொஞ்சம் பொறுங்க அண்ணே.”

கல்லின் மேல் ஒட்டியிருந்த வெள்ளை உருண்டை ஒன்று அசைந்தது. அடியிலிருந்து ஒரு கறுத்த தலை, பிறகு கால்கள். வீட்டை இழுத்துக்கொண்டு தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு கல் முழுக்க நடமாட்டம்.

“சிப்புட்டுக்குக் காலா!” என்று அந்த அம்மா மலாயில் கத்திவிட்டார்; சிப்புட் என்றால் நத்தை. கைப்பேசியை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினார்.

முனியாண்டி அண்ணன் தட்டுக்கு மேல் குனிந்திருந்தார். “யம்மா, லோடு ஏத்திக்கிட்டு மேட்டுல ஏறுறான் பாரு. என் பழைய லாரி இப்படித்தான் போகும்.”

குழாய் வாய்க்கும் போனோம். அங்கே யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். முடிவை அங்கேயே சொன்னார்: குளங்கள் இருக்கலாம். ஆனால் குளத்து நீர் நேராக ஓடையில் விழக்கூடாது. இடையில் ஒரு படிவுக் குழி வெட்டி, கங்கோங் கீரை நட்டு, அதன் வழியாக விடவேண்டும். ஆறு மாதத்தில் மறுபரிசோதனை. அப்போதும் குழாய் வாய் இப்படியே இருந்தால் குத்தகை ரத்து.

“புழுவுக்கு வீடு, எனக்குக் குழியா?” என்றார் முனியாண்டி அண்ணன். ஆனால் மகன் அதற்குள் காலால் அளந்துகொண்டிருந்தான், எங்கே வெட்டலாம் என்று.

கிளம்பும்போது அண்ணன் என்னைத் தனியாக நிறுத்தினார்.

“ஒண்ணு கேக்கவா? அந்தப் புழுவுக்குக் காலு இல்லாம இருந்திருந்தா?”

“நத்தைன்னு எழுதியிருப்பேன் அண்ணே.”

“நான் அவ்வளவு தூரம் சொல்லியும்?”

“நீங்க சொன்னது டப்பாக்குள்ள தெரியாதே அண்ணே.”

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். “அப்பச் சரி,” என்றார். “நாளைக்கு எவனாவது வந்து, காசு குடுத்து எழுதி வாங்கிட்டேன்னு சொன்னா, செருப்பால அடிக்கலாம்.” சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, “ஏம்மா, மீன் ஆச்சா?” என்று குரல் கொடுத்தார்.

மருமகள் கொட்டகைக்குள் திலாப்பியாவை மஞ்சளும் மிளகாயும் தடவிப் பொரித்துக்கொண்டிருந்தாள். கறிவேப்பிலை வெடிக்கிற சத்தம் கேட்டது. மதியம் தாண்டியிருந்தது. மன்றத்து அம்மா பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

“உக்காருங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்.”

“வேணாம் அண்ணே.”

“கேஸுதான் முடிஞ்சிருச்சே!”

“மறுபரிசோதனை இருக்கு அண்ணே. அதுவரைக்கும் உங்க வீட்டுத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது.”

“லோகன் தம்பி, நீயாச்சும்?”

லோகன் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனைத் தோளைப் பிடித்துத் திருப்பிக் காருக்குக் கூட்டிவந்தேன். பெரிய சாலை வரும்வரை அவன் கண்ணாடியை ஏற்றவே இல்லை. “வாசத்துக்கு ரூல்ஸ் இல்லைல்ல?” என்று மட்டும் கேட்டான்.

குழி வெட்டியாயிற்று, கங்கோங்கும் பிடித்துக்கொண்டது என்று முனியாண்டி அண்ணன் எனக்குக் குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். பேத்தி பிறந்திருக்கிறாள். குழாய் வாயில் இப்போது என்ன குடியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. மறுபரிசோதனை அடுத்த மாதம் வருகிறது, நான் அப்போது லூமுட்டில் இருப்பேன். போகப்போவது நீங்கள்தான். வலையும் தட்டும் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. வினிகரை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள், ஊசியை மறக்காதீர்கள். அந்த மருமகள் எந்த நேரத்தில் அடுப்பு மூட்டுவாள் என்று சொல்ல முடியாது. கிளம்புவதற்கு முன் வயிறு முட்டப் பசியாறிவிட்டுப் போங்கள்.